சாம்பலை விறகாக்க என்ன செலவாகும்?

(உர ஆலையில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரசாயனப் பொறியாளர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: சிறிய சோடா கம்பெனி நடத்துகிறேன். சோடாவில் ஏற்றும் கரியமில வாயு சிலிண்டருக்குக் கொடுத்து மாளவில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் அதே வாயு வீணாகத்தானே போகிறது? பிடித்து மலிவாக விற்றால் என்ன?
– சோடா வியாபாரி, விருதுநகர்

பதில்: நீங்கள் வாங்கும் சிலிண்டரில் இருப்பதும் பெரும்பாலும் யாரோ வீணாக வெளியே விட இருந்த வாயுதான். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு நொதித்து ஒரு டன் ஆல்கஹால் ஆகும்போது, கிட்டத்தட்ட ஒரு டன் கரியமில வாயுவும் கூடவே வருகிறது. ஏறக்குறையச் சுத்தமாகவே வருவதால் கழுவி, உலர்த்தி, அழுத்தி அடைத்தால் வேலை முடிந்தது. நிலக்கரிப் புகை அப்படியல்ல. அதில் கரியமில வாயு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன்.

இரண்டையும் பிரிக்க அமீன் (அம்மோனியாவுக்கு உறவான ரசாயனம்) கரைசல் பயன்படுகிறது. எங்கள் ஆலையிலும் அப்படி ஒரு கோபுரம் இருந்தது. அம்மோனியாவும் கருவாடும் கலந்தது போல ஒரு வாடை. இரவு ஷிப்டு முடிந்து வந்தால் சட்டையைத் திண்ணையிலேயே கழற்றச் சொல்வார் என் மனைவி. அந்தக் கரைசல் வாயுவை மளமளவென்று குடித்துவிடும். குடித்ததைக் கக்க வைக்கத்தான் கொதிக்கக் கொதிக்க நீராவி வேண்டும். காசு போவது அங்கேதான்.

கேள்வி: கரியமில வாயுவிலிருந்து மெத்தனால் எரிபொருள் தயாரிக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். பிறகு ஏன் ஊர்தோறும் ஆலை வரவில்லை?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: பேராசிரியர் சொன்னது சரி. கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். கரியமில வாயு என்பது எரிந்து முடிந்த சாம்பல். அதை மறுபடி விறகாக்க வேண்டுமென்றால், எரியும்போது எடுத்த சக்தியை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்கு 1,375 கிலோ கரியமில வாயுவும் 188 கிலோ ஹைட்ரஜனும் தேவை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டாவது மின்சாரம் ஆகும். யூனிட் 5 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்கு மட்டும் 47,000 ரூபாய். சாதாரண மெத்தனால் டன் 30,000 ரூபாயை ஒட்டி ஏறி இறங்கும் சரக்கு. கரியமில வாயுவை இனாமாக வீட்டு வாசலில் இறக்கினாலும் நஷ்டம்தான்.

ஐஸ்லாந்தில் 2012இல் இப்படி ஓர் ஆலை தொடங்கி, பிறகு ஆண்டுக்கு 4,000 டன் திறனுக்கு வளர்ந்தது. பூமியின் சூட்டிலும் அருவிகளிலும் மின்சாரம் எடுக்கும் நாடு அது. நம் மின்கட்டண ரசீதைப் பார்த்துவிட்டுப் பொறாமைப்படலாம்.

கேள்வி: அப்படியானால் இதில் லாபம் பார்த்தவர்களே இல்லையா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி ஆலை தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஏற்பாட்டை 2016இல் தொடங்கியது. மானியம் இல்லை. தொழில்நுட்பம் கார்பன் கிளீன் என்ற நிறுவனத்தினுடையது. அதைத் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள். டன்னுக்கு 30 டாலர்தான் செலவு என்று அந்த நிறுவனமே சொன்னது.

அங்கே கணக்கு ஒத்துவந்ததற்குக் காரணம் எளியது. அந்த ஆலையின் சரக்கான சோடா ஆஷ் (கண்ணாடிக்கும் ஆப்ப சோடாவுக்கும் மூலப்பொருள்) செய்ய உப்பும் அமோனியாவும் போலவே கரியமில வாயுவும் கட்டாயம் வேண்டும். பிடிக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே மதில் சுவருக்குள் இருந்ததால் குழாயில் போனாலே போதும், லாரி வாடகை இல்லை. இன்னொன்று, இது சாம்பலைச் சாம்பலாகவே வைத்துப் பாத்திரம் தேய்க்கும் வேலை, விறகாக்கும் வேலையல்ல. எங்கள் யூரியாவும் அதே சாதிதான்: டன்னுக்கு 730 கிலோ வாயு உள்ளே போகும்.

அளவையும் பாருங்கள். பக்கத்திலுள்ள 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் முழு வீச்சில் ஓடினால், அந்த 60,000 டன்னை ஏறத்தாழ மூன்றே நாளில் கக்கிவிடும். அத்தனையையும் சோடா ஆஷாக மாற்றினால் வாங்க ஆளிருக்காது; விலை தரைக்கு வந்துவிடும்.

கேள்வி: ஆப்ப சோடாவில் போன வாயு திரும்ப வெளியே வராதா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: வரும். ஆப்பத்தில் துளை போடுவதே அதுதான். சோடா ஆஷும் கண்ணாடி உலையில் வாயுவைத் திருப்பி விட்டுவிடும். சோடா ஆஷ் ஆலைகள் வழக்கமாகச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத்தான் இந்த வாயுவை எடுக்கும்; வேறோர் ஆலை இதே சோடா ஆஷுக்காக அப்படிச் சுடாமல் இருந்தால், அந்த அளவுக்கு மிச்சம். வாயு வெளியே வரவே கூடாதென்றால் ஈரக் கான்கிரீட்டில் செலுத்தலாம். அங்கே அது சுண்ணாம்புக் கல்லாகி, கட்டடத்தை இடித்தாலும் கல்லாகவே கிடக்கும். கனடாவின் கார்பன்கியூர் நிறுவனம் அதைத்தான் விற்கிறது.