பாட்டியின் மாத்திரையும் மூன்றாவது நீட்டும்

போன ஞாயிறு குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம், பொண்ணின் படிப்புக்கு யோசனை கேட்டு, வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்குக் கைலித் தறி. அம்மா, பொண்ணு, கூடவே அம்மாவின் அண்ணன். பொண்ணு அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவள். நீட்டில் முதல் தடவை 268, இரண்டாம் தடவை 301. மூன்றாவது தடவைக்குத் தங்கிப் படிக்கிற கோச்சிங் ஒன்றில் 1,60,000 ரூபாய் கேட்கிறார்களாம். அம்மாவின் ஆறு சவரனை அடகு வைக்கப் போகிறார்கள். "ஒரு வருஷம்தானே சார், பல்லைக் கடிச்சிக்கினு ஓட்டிடலாம்" என்றார் மாமா. பல்லைக் கடிக்க வேண்டிய பொண்ணு வாயே திறக்கவில்லை.

நானும் கால் மணி நேரம் வழக்கம்போல "கவலைப்படாதீங்க" பாட்டுத்தான் பாடினேன். அப்புறம், வீட்டில் படிக்காத நேரத்தில் என்னம்மா செய்வே என்று அவளிடம் கேட்டேன். பாட்டிக்கு மாத்திரை எடுத்து வைப்பேன் என்றாள்.

பாட்டிக்குக் காலையில் ஒரு பிரஷர் மாத்திரை. சில நாள் இரண்டு போட்டுவிடுகிறார், சில நாள் போடுவதே இல்லை. வயசாயிடுச்சு, மறதி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இவள் பத்து நாள் நோட்டில் குறித்துப் பார்த்திருக்கிறாள். "மறதி இல்ல சார். தினமும் அதே மாத்திரை, அதே சொம்பு, அதே திண்ணை. நேத்து போட்டதே இன்னிக்குப் போட்ட மாதிரி ஞாபகம் வருது. நாள் கலந்துடுது" என்றாள். அதற்கு ஏழு காலித் தீப்பெட்டிகளை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை வைத்திருக்கிறாள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே வெள்ளிக்கிழமைப் பெட்டியில் குத்துவிளக்குப் படம், சனிக்கிழமைப் பெட்டியில் காக்கா. பெட்டி காலியென்றால் போட்டாச்சு.

அப்பாவுக்குத்தான் இதை எழுதுகிறேன். அண்ணே, உங்கள் பொண்ணு தன் வேலையைக் கண்டுபிடித்துவிட்டாள். நீங்கள் அதைப் பார்க்காமல் அடகுக் கடைக்குக் கிளம்புகிறீர்கள்.

இன்ஜினீயரிங், நர்சிங், பி.எட். பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். நான் சொல்வது சைக்காலஜி. அதிலும் காக்னிட்டிவ் சைக்காலஜி, தமிழில் அறிதல் உளவியல். மனிதன் எப்படிக் கவனிக்கிறான், எப்படி நினைவில் வைக்கிறான், எந்த இடத்தில் தப்புகிறான் என்று ஆராயும் பிரிவு. ஒரு காலத்தில் அமெரிக்காவில், மனசுக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளந்தால் போதும் என்ற கட்சிதான் ஓங்கியிருந்தது. 1950களில் அது ஆட்டம் கண்டது. உல்ரிக் நைசர் 1967இல் இதே பெயரில் புத்தகம் எழுதினார். அப்புறம் இது தனித் துறையாக நிலைத்துவிட்டது.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரி படிப்பா?" என்று மாமா கேட்டார். பதில் பேசாமல் ஒரு தாளை எடுத்து, நீல ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு', பச்சையால் 'மஞ்சள்', சிவப்பால் 'நீலம்' என்று பத்து வார்த்தை எழுதி நீட்டினேன். வார்த்தையைப் படிக்காதீங்க, எந்த மையில் எழுதியிருக்கிறதோ அந்த நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லுங்க என்றேன். மூன்றாவதிலேயே மாமா தடுக்கி விழுந்தார். பொண்ணு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்ட சோதனை இது. படிப்பது நமக்குத் தானாக நடக்கிறது, நிறத்தைச் சொல்ல மெனக்கெட வேண்டியிருக்கிறது. இரண்டும் மோதும்போது தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றம் எவ்வளவு நேரம் என்று அளப்பதுதான் இந்தப் படிப்பின் லேப்.

சிகிச்சைக்கும் இதே வழிதான். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் பிலடெல்பியாவில், மனச்சோர்வில் இருப்பவர்கள் மனதில் சில எண்ணங்கள் தானாக ஓடுவதைக் கவனித்தார். 'இது போனால் எல்லாமே போச்சு' என்பது அதில் ஒரு வகை. அந்த எண்ணத்தை வெளியே எடுத்து, இதற்கு என்ன ஆதாரம் என்று நோயாளியோடு உட்கார்ந்து சரிபார்ப்பதுதான் அவர் முறை. நீங்கள் என் வீட்டில் "டாக்டர் ஆகலன்னா இவ வாழ்க்கையே போச்சு சார்" என்று மூன்று தடவை சொன்னீர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, பாதையைச் சொல்கிறேன். மூன்று வருடம் பி.எஸ்சி. சைக்காலஜி. சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் கிடைத்தால் வருடச் செலவு சில ஆயிரத்தைத் தாண்டாது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் இலவச விடுதிக்கு வருமானச் சான்றிதழோடு மனுப் போடுங்கள். ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். அப்புறம் எம்.எஸ்சி. காக்னிட்டிவ் சயின்ஸ்: ஐ.ஐ.டி. காந்திநகர், அலகாபாத் பல்கலைக்கழகம். உயிரியல், கணினி, மொழியியல் படித்தவர்களும் அங்கே ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். டிக்கெட் மெஷினில், மொபைல் ஆப்பில் ஜனங்கள் எந்தப் பொத்தானைத் தப்பாக அமுக்குகிறார்கள், ஏன் என்று பார்ப்பதற்கே சென்னையிலும் பெங்களூரிலும் கம்பெனிகள் ஆள் வைத்திருக்கின்றன. யூசர் ரிசர்ச் என்பார்கள். தீப்பெட்டியில் காக்கா வரைந்தவளுக்கு அதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிப் பக்கம் போக ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. நம் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் இடம். ஆனால் வெறும் பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. முதுநிலையில் அதற்கென்று அங்கீகரித்த படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மூன்று மாத ஆன்லைன் கவுன்சலிங் டிப்ளமாவுக்கு முப்பதாயிரம் கேட்டு யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

இதிலும் கஷ்டம் இருக்கிறது. குறைந்தது ஐந்து வருடம் கையில் காசு வராது, ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டு மாமா உதட்டைப் பிதுக்குவார், புள்ளியியல் கட்டாயம். ப்ளஸ் டூவில் பயாலஜியோடு கணக்கும் எடுத்தவள், அதைச் சமாளிப்பாள்.

ஆறு சவரன் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். தனியார் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பை லட்சக்கணக்கில் விற்றாலும் என் பதில் அதேதான்: நகை பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், அவளுடைய அந்த நோட்டு, மூன்றும் வேண்டும். மாமாவையும் கூட்டி வாருங்கள். அவர் மூன்றாவது வார்த்தையோடு நிறுத்திய தாளை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.