சோதனை உளவியல் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம். கவுன்சலிங் பக்கம் போக அவளுக்கு இஷ்டமில்லை, மனம் எப்படி வேலை செய்கிறது என்று லேபில் அளந்து பார்க்கும் சோதனை உளவியல்தான் பிடித்திருக்கிறது, மேற்படிப்பும் அதிலேயே வேண்டும் என்கிறாள். "ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஞாபகசக்தியை அளக்கிறவளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் அம்மா. அவர்கள் 'சைக்காலஜிஸ்ட் தேவை' என்று விளம்பரம் போடுவது அபூர்வம். அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை. இந்தப் படிப்பு எதற்குப் பயன்படும் என்பதை முதலில் இரண்டு கதைகளில் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தரையில் மோதிச் சேதமாயின. இறக்கையின் பின்பக்கம் இருக்கும் ஃபிளாப் என்ற தகட்டை மடக்க வேண்டிய விமானி, சக்கரத்தை மடக்கிவிடுவார். பழி விமானிமேல் விழுந்தது. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் ஒரே வடிவம், பக்கத்துப் பக்கத்தில். சக்கரத்துக்கானதில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப்புக்கானதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். பார்க்கவே வேண்டாம், தொட்டாலே தெரியும். 1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விமானிகள் செய்த இதுபோன்ற 460 தவறுகளைத் திரட்டிப் பிரித்தபோது, ஏறக்குறைய பாதி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இயக்கிய தவறாகவே இருந்தது. மனிதர்களைத் திட்டுவதால் இது சரியாகாது, கருவியை மாற்ற வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் பொறியாளர்களுக்கு உறைத்தது.

இன்னொன்று, காரின் பின்கண்ணாடி உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு. ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்பக்கத்தில் இதுபோன்ற ஒரு கூடுதல் விளக்கைப் பொருத்திப் பார்த்து, முடிவை 1974-ல் வெளியிட்டார். பின்னால் வந்து இடிக்கும் விபத்துகள் 60 சதவீதம் குறைந்தன. 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயமானது. எல்லாக் கார்களிலும் வந்து, ஓட்டுநர்களின் கண்ணும் பழகிப்போன பிறகு திரும்ப அளந்தார்கள். குறைவு சுமார் 4 சதவீதம்தான். அந்த 4 சதவீதமே பெரிய லாபம், காரணம் விளக்கின் விலை சொற்பம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது அளவீடுதான். முதலில் கிடைத்த அழகான எண்ணை நம்பி உட்கார்ந்துவிடாமல், நாள்பட்ட பிறகும் பலன் நிற்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது இந்தப் படிப்பு. உங்கள் மகளுக்குச் சம்பளம் வாங்கித் தரப்போகிற திறமையும் இதுவே.

சரி, வேலைக்கு வருவோம். மக்கள் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று சோதித்துப் பார்க்கும் இதே வேலை, மென்பொருள் நிறுவனங்களில் யூஎக்ஸ் ரிசர்ச்சர் என்ற பெயரிலும், கார் தயாரிப்பிலும் மருத்துவக் கருவித் தயாரிப்பிலும் ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்ற பெயரிலும் நடக்கிறது. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு டெல்லியில் உளவியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. எண்ணிக்கையில் இவை வங்கி வேலை அளவுக்கு இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் பட்டத்தோடு போனால் கிடைக்காது. புள்ளியியல் கையில் இருக்க வேண்டும், ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் தரவைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கணக்கென்றால் பயம் என்று சைக்காலஜிக்கு வருகிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். உங்கள் மகளிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

மேற்படிப்புக்கு ஐஐடி காந்திநகர், ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களின் காக்னிட்டிவ் சயின்ஸ் (சிந்தனை, நினைவு, கவனம் ஆகியவற்றை ஆராயும் அறிவியல்) துறைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்விலும் உளவியலுக்குத் தாள் இருக்கிறது. கல்லூரிப் பெயரைவிட, அங்கே எந்தப் பேராசிரியரின் லேபில் என்ன பரிசோதனை நடக்கிறது என்று விசாரிப்பது முக்கியம். பின்னாளில் மனம் மாறி சிகிச்சைப் பக்கம் போக நினைத்தால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் தேவை; காக்னிட்டிவ் சயின்ஸ் எம்.எஸ்சி. அதற்கு ஈடாகாது. அப்புறம், வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் முடிக்கலாம் என்று உறவினர்கள் சொன்னால் கேட்காதீர்கள். 2025 சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையில் நடத்த யூஜிசி தடை விதித்துவிட்டது.

கையில் இருக்கும் இந்த வருடத்தை வீணாக்க வேண்டாம். ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருக்கும் மாத்திரை அட்டைகளை வயதானவர்கள் மாற்றி எடுத்துவிடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். சப்பானிஸ் பார்த்த சுவிட்சுகளின் அதே சிக்கல். பெயரைப் பெரிதாக அச்சிட்டால் தவறு குறைகிறதா, நிறப்பட்டை ஒட்டினால் குறைகிறதா? காலி அட்டைகளை வைத்து, கல்லூரியின் அனுமதியோடு, முப்பது நாற்பது பெரியவர்களிடம் அவள் சோதித்துப் பார்க்கலாம். முதல் நாளோடு விடாமல், ஒரு மாதம் கழித்தும் அதே பெரியவர்களிடம் போய் அளக்கட்டும். செலவு சில நூறு ரூபாய்தான் ஆகும். நேர்முகத்துக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலுக்கு மேலே வைக்க அந்த அறிக்கை இருக்கும்.