செயற்கைக்கோள் தரவில் செய்த சேலம் தரை வெப்ப வரைபடத்தில் மைனஸ் 109 டிகிரி வருவது ஏன்?

149-ஐக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் கலெக்‌ஷன் 2 லெவல் 2 (தரவின் பதிப்பும் பதப்படுத்திய நிலையும்) வெப்பப் பட்டையில் பிக்சலில் உள்ள எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டினால்தான் கெல்வின் வரும், அதிலிருந்து 273.15 கழிக்கணும். நீங்கள் காட்டிய பழைய பேருந்து நிலையப் பிக்சலின் எண் 48000. சரியாகப் போட்டால் 39.9 டிகிரி.

மோடிஸ் என்ற வேறொரு செயற்கைக்கோள் கருவிக்கான பாடம் எதையாவது பார்த்துச் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 0.02 ஆல் பெருக்கினால் போதும், கூட்ட எதுவும் கிடையாது.

திருத்தியபின் மேட்டூர் நீர்ப்பரப்பையும் ஏற்காட்டையும் சொடுக்கிப் பாருங்கள், இரண்டும் நகரத்தைவிடத் தெளிவாகக் குறைய வேண்டும். ஏற்காடு ஏரி வேண்டாம். வெப்பப் பட்டை உண்மையில் 100 மீட்டர் அளவில் எடுத்தது, 30 மீட்டராகத் தருவது அதையே சிறு கட்டங்களாக மாற்றிக் கணக்கிட்ட மறுமாதிரிதான், அதனால் கரையின் சூடும் ஏரியோடு கலந்துவிடும். எங்காவது மைனஸ் 124 நின்றால் அது தரவே இல்லாத 0 பிக்சல், நீக்கிவிடுங்கள். அப்புறம் சேர்வராயன் மலை மேல் மேகம் உட்கார்ந்திருந்தால் அதுவும் குளிர்ச்சியாகத்தான் தெரியும், மேகப் பிக்சல்களைக் குறித்துக் காட்டும் கியூஏ (தரக் குறிப்பு) பட்டையை வைத்து முதலில் வெட்டிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: இது தரையின் சூடு, காற்றின் வெப்பநிலை அல்ல. செயற்கைக்கோள் கடப்பதும் காலை பத்தரை வாக்கில், எனவே இதை "சேலத்தின் உச்ச வெயில்" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.