பார்சல் கட்டவா மெட்ராஸ் போனே?

கேள்வி: விஸ்காம் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மூன்று மாத மார்க்கெட்டிங் இன்டர்ன்ஷிப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே மொத்தமே நான்கு பேர். சேர்ந்து பத்து நாள் ஆகிறது. பார்சல் கட்டுவதும், வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை நோட்டில் எழுதுவதும்தான் வேலை. ரீல்ஸ் போடலாம், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கலாம் என்று சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார் பதிப்பாளர். நேற்று எங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்மாய்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, "வருஷமா அப்படியே கிடக்கு, ஏதாவது செய்" என்றார். மாதம் 6,000 ரூபாய். ஹாஸ்டலுக்கே 7,000 ஆகிறது. "பார்சல் கட்டவா மெட்ராஸ் போனே?" என்கிறார் அப்பா. தொடரலாமா?
(பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை)

பதில்: தொடருங்கள், ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும். பணத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு புத்தகத்தின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு (தள்ளுபடி) கொடுத்தால் 130 ரூபாய் கைக்கு வரும். எழுத்தாளருக்கு விலையில் 10 சதவீதம் ராயல்டி, அதில் 20 போச்சு. 300 பிரதி மட்டும் அடித்தால் அச்சுச் செலவு பிரதிக்கு 60 என்று பிடியுங்கள். மிச்சம் 50 ரூபாய். வாடகை, லேஅவுட், மெய்ப்பு (அச்சுப் பிழை) பார்த்தவருக்குக் கொடுத்தது, உங்கள் 6,000 எல்லாம் அந்த ஐம்பதுக்குள்தான். அந்த 50-ம் உடனே வராது. கடைக்குப் போகும் புத்தகம் பெரும்பாலும் விற்றால் பணம், விற்காவிட்டால் திரும்பி வரும். திரும்பி வரும்போது அட்டை முனை மடங்கியிருக்கும்.

நீங்கள் கேட்ட இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 2,000 ரூபாய் செலவு செய்தால், கூடுதலாக 40 பிரதி கடையில் விற்றால்தான் போட்ட பணமே வரும். "பார்க்கலாம்மா" என்று அவர் இழுத்ததை ஞானமில்லாத பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனசுக்குள் இந்தக் கணக்கு ஓடியிருக்கும்.

அதே புத்தகத்தை வாட்ஸ்அப்பில் ஒருவர் நேரடியாகக் கேட்கிறார். 10 சதவீதம் தள்ளிக் கொடுத்தாலும் 180. ராயல்டியும் அச்சுச் செலவும் போக 100 நிற்கிறது. தபால் செலவை அவரே கொடுத்துவிட்டால் கடை வழியாக வருவதைப் போல இரண்டு மடங்கு, அதுவும் முன்பணமாக. நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த ஆர்டர் நோட்டில்தான் பதிப்பகத்தின் உயிர் இருக்கிறது. 2024 டிசம்பரில் புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய புக் போஸ்ட்டை அஞ்சல் துறை நிறுத்திய பிறகு, தபால் செலவைக் கேட்டதும் "யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவுகிறவர்கள் அதிகம். அவர்களையும் எழுதி வையுங்கள்.

இன்றைக்கே அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். யார் மூன்று முறைக்கு மேல் வாங்கியிருக்கிறார், எந்த ஊர், எதை வாங்கினவர் அடுத்து எதைக் கேட்டார் என்று ஒரு எக்செல் ஷீட் போடுங்கள். பதிப்பக வேலையை நான் ஆரம்பித்த காலத்தில் இதைக் கோடு போட்ட நோட்டில் செய்தேன். கோவில்பட்டியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வருஷத்துக்கு இரண்டு தரம், ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு பிரதி வாங்குவார். எதற்கு இரண்டு என்று ஒரு நாள் போனில் கேட்டேன். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு சம்பந்தி வீட்டுக்கு" என்றார். சம்பந்தியின் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்புகிறீர்களா? உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு சிறு சீட்டு வையுங்கள். செலவு சில காசுதான். பார்சலை ஒழுங்காகக் கட்டுவதும் விளம்பரத்தில் சேர்த்திதான். பழைய அட்டைப்பெட்டியை வெட்டிப் புத்தகத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக மேலும் கீழும் வைத்து, அதற்குமேல் டேப் ஓட்டுங்கள். புத்தகத்தின் நான்கு முனையும் தப்பிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். விமர்சனத்துக்கென்று யாராவது பிடிஎஃப் கேட்டால் பதிப்பாளரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். மறுவாரம் டெலிகிராமில் சுற்றும். இன்னொன்று, பைண்டிங் முடிந்த பிரதி மேசைக்கு வரும்வரை வெளியீட்டுத் தேதியை அறிவிக்காதீர்கள். ஒருமுறை நான் ஊரெல்லாம் அழைப்பிதழ் அனுப்பிவிட்டேன். விழா அன்று மாலை வரை புத்தகம் பைண்டரிடம்தான் இருந்தது. வேறொரு புத்தகத்துக்கு இதன் ராப்பரைப் போர்த்தி மேடையில் கொடுத்தோம். சிறப்பு விருந்தினர் அதைத் திறந்து ஒரு பத்தி வாசிக்கிறேன் என்று ஆரம்பித்தாரே பார்க்கணும்.

உங்கள் மூன்று மாதத்துக்குள் ஜனவரி வருமானால் சென்னைப் புத்தகக் காட்சியை விட்டுவிடாதீர்கள். 1977-லிருந்து நடக்கிறது. இரண்டு நாள் ஸ்டாலில் பில் போடாமல் சும்மா நின்று பாருங்கள். ஒருவர் புத்தகத்தை எடுப்பார், பின்னட்டையைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், நடுவில் ஒரு பக்கத்தைப் பிரிப்பார். வைத்துவிட்டுப் போனால் இந்த நான்கில் எந்த இடத்தில் வைத்தார் என்று கவனியுங்கள். பின்னட்டையிலேயே பலரும் கழன்றால் அந்த வாசகத்தை மாற்றச் சொல்லிப் பதிப்பாளரிடம் சண்டை போடலாம். அப்போது நீங்கள் சொன்னால் கேட்பார்.

இனி பணம். 6,000 போதாது, அதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். என்ன வேலை, எத்தனை நாள், பஸ் செலவு உண்டா, ஞாயிற்றுக்கிழமை ஸ்டாலில் நின்றால் மாற்று விடுமுறை உண்டா என்பதை ஒரு மெயிலில் எழுதி அவர் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இரும்மா" என்றால், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். சம்பளம் பேசுங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள்.

கடைசியாக அந்தக் கண்மாய்ப் புத்தகம். அதை இன்ஸ்டாகிராமில் தேடி வாங்குகிறவர் குறைவு. அதை வாங்கக்கூடியவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள்: பாசன சங்கத்துக்காரர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள், பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள், வெளியூரில் செட்டிலாகி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கண்மாய் நிறைந்த போட்டோ போட்டு உருகுகிறவர்கள். 2022-க்குப் பிறகு மாவட்ட நிர்வாகங்களே புத்தகத் திருவிழா நடத்துகின்றன. உங்கள் மாவட்டத்தில் நடக்கும்போது இந்தப் புத்தகம் உங்கள் ஸ்டால் முன்வரிசையில், முதுகு தெரியாமல் அட்டை தெரிய நிற்க வேண்டும். ஆன்லைனில் ஏற்றும்போது ஒவ்வொரு கண்மாயின் பெயரையும் விவரக் குறிப்பில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். பலரும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

இத்தனையும் செய்வதற்கு முன், இன்றிரவு அப்பாவுக்குப் போன் போடுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய் வரும் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மடையின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறான், மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்று அவர் ஆரம்பிப்பார். குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிப்புக்கு ஆகும். ஓய்ந்த பிறகு, இதை யார் யார் வாங்குவார்கள் என்று கேளுங்கள். நாலு பேராவது சொல்வார். அவரும் ஒன்று கேட்பார், கழிவும் கேட்பார். பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.