ஒரே ஆற்றில் மேலே ஒரு நாடு அணை கட்டினால், கீழே கூடும் மின்சாரம் யாருக்குச் சேரும்?
கொலம்பியா ஆற்றைப் பாருங்கள், கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குள் ஓடுவது. இரு நாடுகளுக்கும் இடையே 1964-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி கனடா டங்கன், கீன்லிசைடு, மைக்கா என மூன்று அணைகளைக் கட்டியது. பனி உருகி ஒரேயடியாக வரும் தண்ணீரை அங்கே பிடித்து வைத்து, குளிர்காலத்தில் மின்தேவை ஏறும்போது திறந்துவிடுகிறார்கள். அதே தண்ணீர் கீழே அமெரிக்காவின் கிராண்ட் கூலி அணை தொடங்கி அணை அணையாக டர்பைன்களைச் சுற்றிக்கொண்டே போகிறது. முன்பு மதகு வழியாக வீணாய்ப் போனதில் ஒரு பகுதி இப்போது மின்சாரம்.

சரி, அந்தக் கூடுதல் யாருடையது? ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தார்கள். கனடா தன் பாதியை முதல் 30 ஆண்டுகளுக்கு 25.4 கோடி டாலருக்கு அமெரிக்காவிலேயே முன்கூட்டி விற்று, அந்தப் பணத்தை அணைகளில் போட்டது. வெள்ளத் தடுப்புக்குத் தனியாக 6.44 கோடி டாலர் கிடைத்தது.

கணக்கு நேர்மையானதுதான். ஆனாலும் முழு நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீன்லிசைடு அணைக்கு மேலே இருக்கும் ஏரோ ஏரிக்கரையில் தலைமுறையாக உழுத பண்ணைகள் மூழ்கின. இந்த அணைகளுக்காக 2,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். பழங்குடிகளிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்த வட்டார மக்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான், 1995-இல், கொலம்பியா பேசின் டிரஸ்ட் என்ற, அந்த ஆற்றுப்படுகை மக்களுக்கான அமைப்பு அமைந்து லாபத்தில் ஒரு பங்கு அங்கே திரும்ப ஆரம்பித்தது.