கேட்டதும் பார்த்ததும்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் சென்ற ஆகஸ்டில் பெரு நாட்டுக்குப் போய்வந்தோம். குஸ்கோவிலிருந்து கிளம்பி, மனு சாலை வழியாக மேகக் காட்டில் இறங்கி, அட்டலாயாவில் படகேறி, கீழே அமேசான் மழைக்காட்டில் தங்கிவிட்டுத் திரும்பும் பயணம். பறவைகளுக்கென்றே ஏற்பாடு செய்தது. கூடவே உள்ளூர் வழிகாட்டி.

மலையில் இருந்தவரை சொர்க்கம். சாலையோரம் நின்றால் போதும், நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் பறவைகள் கண்முன்னால் வந்து போயின. கீழே இறங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. காடு முழுக்கச் சத்தம், கண்ணில் படுவதோ வெறும் இலை. வழிகாட்டி நடுவழியில் சட்டென்று நிற்பார், தலையைச் சாய்ப்பார், ஒரு பெயரைச் சொல்வார், "கேட்டாச்சு" என்று பட்டியலில் குறித்துக்கொள்வார். நாங்கள் திருதிருவென்று விழிப்போம். சில சமயம் கைபேசியில் குரலைப் போட்டுக் கூப்பிடுவார். சில வந்தன, பல வரவில்லை. கடைசி நாள் பட்டியலில் முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். நாங்கள் பார்த்தது அதில் பாதிகூடத் தேறாது. "இவ்வளவு காசு கொடுத்து ரேடியோ கேட்கவா வந்தோம்?" என்றாள் மனைவி.

வழிகாட்டி சரியில்லையா, எங்களுக்குக் கண் பழகவில்லையா, அல்லது மழைக்காட்டைப் பற்றிய பேச்சே கொஞ்சம் மிகையா? அடுத்த வருஷம் நண்பர் ஒருவர் போகிறார். மேல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்லிவிடலாமா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி வேடிக்கையாகக் கேட்டிருந்தாலும் கடிதத்தில் இருப்பதிலேயே சரியான கேள்வி அதுதான். ஆமாம், கீழே போவது கேட்கத்தான். அதை உங்கள் வழிகாட்டி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் மேல் நான் வைக்கும் குறை அவ்வளவுதான். மற்றபடி, நடுவழியில் நின்று தலையைச் சாய்த்து ஒரு பெயரைச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அவருக்குத் தொழில் தெரியும் என்பதற்கு அடையாளம்.

முதலில் மலையில் ஏன் அவ்வளவு எளிதாகப் பார்க்க முடிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மனு சாலை அகானாக்கோ கணவாயில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் தொடங்கி மலைச்சரிவை ஒட்டியே இறங்குகிறது. சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்கத்து மரங்களின் உச்சி உங்கள் கண் மட்டத்தில் இருக்கிறது. மரங்களும் குட்டை. கிளையெல்லாம் பாசி, தொற்றுச்செடி. அதைக் கொத்திப் புரட்டும் டானேஜர் என்ற வண்ணச் சிறு பறவைகளை ஏறக்குறைய பால்கனியில் நின்று பார்ப்பதுபோல் பார்க்கிறீர்கள். சமவெளிக் காட்டில் அதே டானேஜர் கூட்டம் முப்பது, முப்பத்தைந்து மீட்டர் உயரத்தில், வெள்ளை வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு மேய்கிறது. அண்ணாந்து பார்த்தால் தெரிவது கறுப்பு வயிறுகள். கழுத்து பிடித்துக்கொள்வதுதான் மிச்சம். ஆக, பாதிக் குற்றம் மரத்தின் உயரத்துடையது.

மீதிப் பாதிதான் சுவாரசியமானது. மனு தேசியப் பூங்காவுக்குள் கோச்சா காஷு என்றொரு ஆய்வு நிலையம் இருக்கிறது. 1982-இல் ஜான் டெர்போர்கும் அவருடைய சகாக்களும் அங்கே 97 ஹெக்டேர் காட்டை அளந்து எடுத்துக்கொண்டு, அதற்குள் வாழும் ஒவ்வொரு பறவைக்கும் எல்லை எது, எத்தனை ஜோடி என்று கணக்கெடுத்தார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவை மட்டும் 245 இனங்கள். 97 ஹெக்டேர் என்றால் சுமார் 240 ஏக்கர். ஏக்கருக்கு ஓர் இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றில் சரிபாதி இனங்களுக்கு நூறு ஹெக்டேரில் இரண்டரை ஜோடிக்கு மேல் இல்லை. நூறு ஹெக்டேருக்கு ஒரு ஜோடி, அதற்கும் குறைவு என்று இருந்தவை ஏராளம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழைக்காடு வளமானது என்று கேட்டதும் நாம் கூட்டத்தை எதிர்பார்க்கிறோம். வேடந்தாங்கலைப் பார்த்துப் பழகிய மனம் அப்படித்தான் எதிர்பார்க்கும். அங்கே சில இனங்கள், ஆயிரக்கணக்கில். மனுவில் நேர்மாறு: நூற்றுக்கணக்கான இனங்கள், ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணுகிற அளவு. காலையில் நீங்கள் நடந்த இரண்டு கிலோமீட்டர் பாதையில் ஒரு குறிப்பிட்ட எறும்புப் பறவை ஒரே ஒரு ஜோடிதான் இருந்திருக்கும். அதுவும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இருட்டில், புதருக்குள். அதைக் கண்ணால் பிடிப்பது அதிர்ஷ்டம். ஆனால் விடிகாலையில் அது ஒருமுறையாவது பாடியே தீரும். அந்த ஒரு முறையைப் பிடிக்கத்தான் உங்கள் வழிகாட்டியின் காதுக்கு நீங்கள் காசு கொடுத்தீர்கள்.

இந்தக் காது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அதே 1982-இல், அதே கோச்சா காஷுவில், டெட் பார்க்கரும் ஸ்காட் ராபின்சனும் ஒரே நாளில் 331 இனங்களைப் பதிவு செய்தார்கள். ஜீப் இல்லை, மோட்டார் படகு இல்லை; நடையும் துடுப்புப் படகும்தான். உங்கள் முழுப் பயணத்துப் பட்டியலை அவர்கள் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள், பெரும்பகுதி காதால். பார்க்கருக்குத் தென் அமெரிக்கப் பறவைக் குரல்கள் ஆயிரக்கணக்கில் மனப்பாடம். 1993-இல் ஈக்வடாரில் காட்டை ஆய்வு செய்யப் போன சிறு விமானம் மோதி இறந்துபோனார், நாற்பது வயதில். அவர் பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்கள் பின்னால் வந்த ஒரு தலைமுறை வழிகாட்டிகளுக்குப் பாடமாக இருந்திருக்கின்றன.

ஆகவே 'கேட்டது' பட்டியலில் சேருமா என்றால், தாராளமாகச் சேரும். உங்கள் சொந்தப் பட்டியலில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் எனக்கே அடையாளம் தெரிந்த குரல்களை மட்டும் சேர்ப்பேன்; அடுத்தவர் சொல்லித் தெரிந்தவற்றை அவர் கணக்கிலேயே விட்டுவிடுவேன்.

கைபேசியில் குரல் போட்டுக் கூப்பிட்டதை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நூறு ஹெக்டேரில் இரண்டு ஜோடி என்று இப்போதுதான் பேசினோம். அந்த ஜோடியின் எல்லைக்குள் தங்கும் விடுதி இருக்கிறது, வாரத்துக்கு நாலு குழு வருகிறது, நாலு குழுவும் அதே பாதையில் அதே குரலைப் போடுகிறது என்றால், அந்த ஆண் பறவை இல்லாத எதிரியை விரட்டுவதிலேயே காலைப்பொழுதைக் கழிக்கும். சில காலத்துக்குப் பின் அது வருவதையே நிறுத்திவிடுகிறது. வழிகாட்டிகளைச் சொல்லியும் குற்றமில்லை. "இன்னும் காட்டலையே" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் விருந்தினர்தான் அவர்களை அதற்குத் தள்ளுகிறார். "வேண்டாம், வந்தால் பார்ப்போம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் நிம்மதியாகக் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

கூப்பிடாமல் எப்படிப் பார்ப்பது? அதற்கு வழி இருக்கிறது. சமவெளிக் காட்டில் பூச்சி தின்னும் சின்னப் பறவைகளில் பல தனியாகத் திரிவதில்லை. பத்துப் பன்னிரண்டு இனங்கள், இனத்துக்கு ஒரு ஜோடியோ ஒரு குடும்பமோ, ஒரே கூட்டமாகச் சேர்ந்து, ஒரே எல்லைக்குள், வருஷக்கணக்காக மேய்கின்றன. விடிந்ததும் அநேகமாகக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒன்றுகூடும். அரை மணி நேரம் ஒன்றுமே இல்லாத காடு திடீரென்று எல்லாப் பக்கமும் அசையும். பத்து நிமிஷத்தில் மறுபடி ஒன்றும் இருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தில் கூட்டத்தோடு மெல்ல நகர்ந்தால், முழுக் காலையிலும் பார்க்காததைப் பார்த்துவிடலாம். கூடும் இடம் வழிகாட்டிக்குத் தெரிந்திருக்கும். அங்கே போய் அசையாமல் நிற்பதுதான் நம் வேலை.

இந்தக் கூட்டங்களுக்கு ஒரு காவல்காரப் பறவை உண்டு. கீழ்த்தட்டுக் கூட்டத்தில் நீலச்சாம்பல் நிறத்து ஆன்ட்ஷ்ரைக் ஒன்று, உச்சிக் கூட்டத்தில் வெள்ளை இறகுப் பட்டையுள்ள ஷ்ரைக்-டானேஜர். பருந்து வந்தால் முதலில் கத்துவது இவை. மற்றவை உடனே பதுங்கும். மனுவில் பல வருஷம் கிடந்து இவற்றைக் கவனித்த சார்லஸ் மன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே பூச்சிக்காக இந்தக் காவல்காரனும் இன்னொரு பறவையும் பாயும்போது, பருந்து இல்லாமலேயே காவல்காரன் அபாயக் குரல் கொடுக்கிறது. அது பதற, பூச்சி இதற்கு. 1986-இல் அவர் இதை வெளியிட்டார். படித்ததும் எனக்கு நம்மூர்த் துடுப்புவால் கரிச்சான் ஞாபகம் வந்தது. வால்பாறைப் பக்கம் கலவைக் கூட்டத்தின் நடுவே எல்லார் குரலிலும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அது. அடுத்த முறை பொள்ளாச்சி வழியாக மேலே போனால் கவனித்துப் பாருங்கள்.

மேல் பாதியோடு நண்பரைத் திரும்பச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்பேன். இந்தப் பயணத்தின் விஷயமே இறங்குவதில்தான் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் டூக்கான் பார்த்திருப்பீர்கள். மேகக் காட்டில் வாய்க்கேச்சா ஆய்வு நிலையத்துப் பக்கம், 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, சாம்பல் மார்புள்ள மலை டூக்கான். ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்துக்கு வந்தால் அது காணாமல் போய், பச்சை உடம்பில் நீலப் பட்டை போட்ட சிறிய டூக்கானெட். படகேறிய பிறகு கறுப்பு உடம்பு, வெள்ளைத் தொண்டை, நீண்ட பெரிய அலகோடு சமவெளி டூக்கான். மூன்றும் பழம் தின்பவை, மூன்றுக்கும் இறக்கை இருக்கிறது, நடுவில் வேலி எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்றின் மாடியில் இன்னொன்று குடியிருப்பதில்லை. குளிர் மட்டும் காரணம் அல்ல, பக்கத்து மாடிக்காரன் விடாததும் ஒரு காரணம் என்று டெர்போர்கும் ஜான் வெஸ்கேயும் 1975-இலேயே ஆண்டிஸ் பறவைகளை வைத்துக் காட்டினார்கள். பெரு நாட்டில் 1,800-க்கும் மேல் பறவையினங்கள் இருப்பதற்கு இந்த மாடிக் குடியிருப்பு பெரிய காரணம். மேலேயே நின்று திரும்புகிறவர் ஒரு மாடியை மட்டும் பார்த்தவர்.

மாடிகள் இப்போது நகர்ந்துகொண்டிருப்பதும் அங்கேதான் தெரிய வந்தது. நீங்கள் படகில் போன ஆற்றுக்கு அருகிலேயே பாண்டியகோயா என்று ஒரு தனி மலைமுகடு இருக்கிறது, உயரம் சுமார் 1,400 மீட்டர். 1985-இல் ஜான் ஃபிட்ஸ்பாட்ரிக் அதில் எந்த உயரத்தில் எந்தப் பறவை என்று கணக்கெடுத்திருந்தார். 2017-இல் பென் ஃப்ரீமனும் குழுவினரும் அதே பாதையில் மறுபடி ஏறினார்கள். இடைப்பட்ட காலத்தில் வெப்பம் அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடியிருந்தது. முகட்டு உச்சியில் மட்டும் வாழ்ந்த பதினாறு இனங்களில் எட்டை அவர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கீழேயிருந்தவை மேலே ஏறின. உச்சியில் இருந்தவற்றுக்கு ஏற மேலே இடமில்லை.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். மே முதல் செப்டம்பர் வரை போகலாம், மழை குறைவு. எல்லாக் குழுக்களும் செய்வதுபோல், மனு சாலையில் வரும் சான் பெட்ரோ என்ற இடத்தை ஒரே இரவில் கடந்துவிட வேண்டாம். முடிந்தால் மூன்று இரவு தங்கச் சொல்லுங்கள். அது 1,400 மீட்டர். மேலே இருப்பவற்றின் கடைசியும் கீழே இருப்பவற்றின் தொடக்கமும் கலக்கிற இடம். காக்-ஆஃப்-த-ராக், அந்த ஊர்க்காரர்கள் துங்கி என்று சொல்கிற பெருவின் தேசியப் பறவை, ஆட்டம் போடுவதும் அங்கேதான். நீங்களும் மறைப்புக்குள் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இருட்டு விலகும் முன்பே பன்றி உறுமுவதுபோல் சத்தம் தொடங்கும். வெளிச்சம் வர வர, கிளையில் ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். அலகே தெரியாதபடி கொண்டை முன்னால் கவிந்திருக்கும். இரண்டு ஆண்கள் எதிரெதிரே கிளையில் நின்று, குனிந்து, சிறகடித்து, உறுமித் தீர்க்கும். பழுப்பு நிறத்தில் ஒரு பெண் பறவை வந்து உட்கார்ந்தால் சத்தம் இரட்டிப்பாகும். பெண் பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் போய்விடும். பாறைச் சுவரில் மண் கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் அது ஒருத்திதான். ஆணுக்கு வாழ்நாள் வேலை இந்த ஆட்டம் மட்டும்.

கீழே போனதும் காட்டுப் பாதை நடையைக் காலை நேரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். மிச்சத்தைத் திறந்த இடங்களுக்குக் கொடுக்க வேண்டும். கோச்சா என்று அவர்கள் சொல்லும் பழைய ஆற்று வளைவு ஏரிகளில் படகைக் கட்டிப்போட்டு உட்கார்ந்தால் ஹோட்சின் தானே வந்து நிற்கும். இலை தின்று, மாடு மாதிரி வயிற்றுக்கு முன்னாலேயே அதைப் புளிக்கவைத்து, நாற்றத்தோடு வாழும் பறவை. குஞ்சுக்கு இறக்கையில் நகம் இருக்கும். அதை யாரும் காதால் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை. பிளாங்கியோ களிமண் கரையில் பஞ்சவர்ணக்கிளிகள் மண் தின்ன வருவதும் அப்படியே. உப்புச்சத்துக்காக வருகின்றன என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். கடலிலிருந்து அவ்வளவு தள்ளியிருக்கும் காட்டில் சோடியம் அரிது. மறைப்புக்குள் உட்கார்ந்து பொறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பருந்து தாண்டிப் போனால் அத்தனையும் கிளம்பிப் போய்விடும், சில சமயம் மறுநாள்தான் வரும்.

அப்புறம் ஒன்று: மழைக்காடுதானே என்று கம்பளிச் சட்டையை குஸ்கோவிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஃப்ரியாஹே என்ற குளிர்காற்று புகுந்தால் கீழேயும் ஓரிரு நாள் பல் கிட்டும். அந்த நாட்களில் பறவைகளும் வாயைத் திறக்காது. அப்போது உங்கள் வழிகாட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. விடுதியில் சூப் குடித்துக்கொண்டு பட்டியலைச் சரிபார்க்கலாம்.