பயோசெராமிக்கா, ரெசினா? – கடிதம்

வணக்கம் சார்,
கீழ்க் கடவாப்பல்லுக்கு ரூட் கேனால் பாதி முடிஞ்சிருக்கு. ஃபில்லிங்குக்கு பயோசெராமிக் சீலர்னா மூவாயிரம் கூட ஆகுமாம். சாதா ரெசின் சீலர் போதுமா? பயோசெராமிக்னா வெறும் சிமென்ட்தான்னு யூட்யூப்ல ஒருத்தர் சொல்றாரே? பல்லு மேல மாட்டற கேப் அவசரமில்ல, தீபாவளி போனஸ்ல போட்டுக்கலாம்னு இருக்கேன்.
செ., ஈரோடு

அன்புள்ள செ.,

உங்க கடைசி வரி மட்டும் இல்லன்னா இதுக்கு பதில் எழுதியிருக்கவே மாட்டேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

வேருக்குள்ள போறதுல பெரும்பகுதி சீலரே இல்ல, கட்டாபெர்ச்சா. மலேயா, சுமத்ரா காட்டு மரத்துப் பால். 1850கள்ல கடலுக்கடியில தந்திக் கம்பி போட்டப்ப மேலுறையா சுத்துனதும் இதேதான், அதுக்காக காடு காடா வெட்டிச் சாய்ச்சாங்க. இன்னைக்கு வேருக்குள்ள வைக்கிற குச்சில கட்டாபெர்ச்சா அஞ்சுல ஒரு பங்குதான், மிச்சத்துல முக்காவாசி ஜிங்க் ஆக்சைடு. ஆனா பல்லோட ஒட்டாது, அந்த இடுக்கை அடைக்கத்தான் சீலர்.

நாங்க படிச்சப்ப சீலருக்கு ஜிங்க் ஆக்சைடையும் கிராம்பு எண்ணெய்ல இருக்கற யூஜெனாலையும் கண்ணாடிப் பலகைல போட்டு குழைப்போம், கிராம்பு வாசம் சட்டைய விட்டுப் போகாது. ஸ்பேட்டுலாவ தூக்குனா ஒரு இஞ்சுக்கு நூலா இழுபட்டு அப்புறம்தான் அறணும். முன்னாடியே அறுந்தா எங்க மேடம் ஒண்ணும் பேசாம பலகையத் தொடச்சுட்டு போயிருவாங்க. ஆனா அவங்க உண்மையில பார்த்தது வேற. ஃபில்லிங்குக்கு முன்னாடி ஈரத்த உறிஞ்ச கேனாலுக்குள்ள விட்டு எடுக்கற காகிதக் குச்சிய, அதான் பேப்பர் பாயின்ட்ட, வாங்கி, ஈரமா இருக்கான்னு பார்த்து, மோந்தும் பார்ப்பாங்க. லேசா நாறினாக்கூட "இன்னைக்கு மூடாத, போய் கழுவு". எதை வச்சு அடைக்கப் போறேன்னு ஒருநாளும் கேட்டதில்ல.

அவங்க பார்த்ததுதான் சரி. 1965லயே ககேஹாஷின்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு எலிப் பல்ல தொளைச்சு நரம்பைத் திறந்து விட்டுப் பார்த்தாங்க. கிருமியே இல்லாம வளர்த்த எலிக்கு தானா மூடிக்கிச்சு, சாதா எலிக்கு அழுகிப் போச்சு. கிருமி போகணும், மறுபடி வரக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். இத மறந்துட்டு 2004 வாக்குல ரெசிலான்னு ஒரு பாலியெஸ்டர் ஃபில்லிங் வந்துச்சு, பல்லும் ஃபில்லிங்கும் ஒரே கட்டியா ஆயிரும்னு செமினார் செமினாரா பேசுனாங்க, கொஞ்ச வருஷத்துல அந்த பாலியெஸ்டரை கிருமியே அரிக்குதுன்னு தெரிஞ்சு மார்க்கெட்ட விட்டே போயிருச்சு.

சரி, உங்க கேள்வி. எபாக்ஸி ரெசின் கெட்டியா ஒட்டும், அவ்வளவா கரையாது, இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். பயோசெராமிக் ஈரத்துலயே இறுகும், காரத்தன்மை ஜாஸ்தி, வேர் நுனி தாண்டி வழிஞ்சாலும் உடம்பு பெரும்பாலும் பொறுத்துக்கும், ஆனா பின்னாடி பிரச்சனைன்னா தோண்டி எடுக்கறது கஷ்டம். நோயாளிங்க கிட்ட பார்த்த வரைக்கும் ரெண்டோட பலனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சிமென்ட்டா? ஆமா, சிலிகேட்தான், போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு சொந்தக்காரன். அதனால என்ன? யூட்யூப்காரர விடுங்க.

இப்ப கேப். ஏன் சார், மூவாயிரத்துக்கு இவ்ளோ யோசிக்கிறவர், கேப்பை தீபாவளிக்கு தள்ளுவாரா? குழி எடுத்த கடவாப்பல்லுல சுவர்தான் மிச்சம், ஒரு பட்டாணி மாட்டுனா நெடுக்க பொளந்துரும், வேர் வரைக்கும் பொளந்தா புடுங்கறத தவிர வழி கிடையாது. டெம்பரரி ஃபில்லிங் சில வாரத்துக்குத்தான், அப்புறம் எச்சி இறங்கும், எச்சியோட கிருமியும். 1995ல ரே, ட்ரோப்னு ரெண்டு பேர் ஆயிரத்துச் சொச்சம் பல்லோட எக்ஸ்ரேய பார்த்தாங்க, வேர் ஃபில்லிங்கை விட மேல் மூடிதான் ஜாஸ்தி முக்கியம்னு வந்துச்சு. பின்னாடி வந்தவங்க ரெண்டுமே முக்கியம்னாங்க. மூடி வேணாம்னு எவனும் சொல்லல.

எச்சி உள்ள இறங்காம பல்லைச் சுத்தி மாட்டற ரப்பர் ஷீட்டு, அதான் ரப்பர் டேம், கட்டுறாங்களான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த மூவாயிரத்த கேப்புக்கு அட்வான்ஸா கொடுத்துருங்க, மீதிய தவணைல கட்டிக்கலாமான்னு வெக்கப்படாம கேளுங்க, நிறைய பேர் ஒத்துக்குவாங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் முறுக்கு கிறுக்கு எதுவும் கடிக்காதீங்க.